எடை மெஷினைக் கும்பிட்ட கதை



எனக்கு வயது 37. ப்ளஸ் டூ வரை படித்திருக்கிறேன். ஊர் விருதுநகர். என் வீட்டுக்காரர் ஒரு பருப்பு மண்டியில் கணக்கு எழுதுகிறார். எட்டாவது படிக்கும் பெண், மூன்றாவது படிக்கும் பையன், மாமியார் என்று அளவான குடும்பம். 'அளவான' என்ற வார்த்தை எனக்கு மட்டும்தான் பொருந்தாது. ஐந்தடி இரண்டு அங்குல உயரத்துக்கு 72 கிலோ இருந்தேன்.

குண்டாக இருக்கிறோமே என்று நான் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. "வீட்டுக்கு விளக்கேத்துறவ கண்ணுக்கு நிறைவா இருந்தாத்தான் லட்சணம்" என்று என் மாமியாரே சொல்வார். எந்த மாமியார் இப்படிச் சொல்வார், சொல்லுங்கள்!

2024 ஜனவரியில், பொங்கல் கழிந்து, 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வரும் அக்கா அத்தைக்கு பிரஷர் மாத்திரை கொடுக்க வந்தார். "நீயும் விரலை நீட்டு, பார்த்துடுவோம்" என்றார். விளையாட்டாக நீட்டினேன். மெஷினைப் பார்த்தவர் முகம் மாறிவிட்டது. "நாளைக்கே வெறும் வயித்துல ஆஸ்பத்திரிக்குப் போயி பாரும்மா" என்றார்.

அரசு ஆஸ்பத்திரியில் பார்த்ததில் வெறும் வயிற்றில் 116. மூன்று மாதச் சர்க்கரையைச் சொல்லும் டெஸ்டில் 6.3. அங்கிருந்த பெண் டாக்டர், "5.7-க்கு மேல போனாலே எச்சரிக்கை. 6.5-ஐத் தொட்டா சர்க்கரை நோய். நீங்க வாசப்படியில நிக்கிறீங்க" என்றார். பையன் வயிற்றில் இருந்தபோது எனக்குச் சர்க்கரை வந்து, பிரசவம் ஆனதும் போய்விட்டது. போனது போனதுதான் என்று அதன்பிறகு நான் பார்க்கவே இல்லை. கர்ப்ப காலத்தில் வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் திரும்ப வர வாய்ப்பு அதிகம், தவறாமல் பார்த்துக் கொண்டே இருக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. என்னைப் போல இருக்கும் தோழிகள் இதைப் படித்ததும் முதலில் அந்த வேலையைப் பாருங்கள். மற்றதைப் பிறகு படிக்கலாம்.

என் அம்மாவுக்கு 2016-ல் சர்க்கரையால் இரண்டு கால் விரல்களை எடுத்தார்கள். தினமும் புண்ணுக்குக் கட்டு மாற்றியவள் நான். அந்த வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. ஆகவே டாக்டர், "ஒரு அஞ்சு கிலோ குறைச்சாலே பெரிய வித்தியாசம் தெரியும்" என்று சொன்னபோது, அது எனக்கு அழகு விஷயமாகவே தோன்றவில்லை. என் கால் விரல்களைத்தான் குனிந்து பார்த்தேன்.

சாப்பாட்டைக் குறைத்தது, விடியற்காலை நடந்தது எல்லாம் நீங்கள் நூறு தடவை படித்ததுதான். சோறு இரண்டு கரண்டியில் இருந்து ஒன்றாயிற்று, காய் ஒரு கிண்ணத்தில் இருந்து இரண்டாயிற்று. காபியில் சர்க்கரையை நிறுத்தினேன். எங்கள் ஊர் எண்ணெய் புரோட்டாவைத் தலைமுழுகினேன். (என் வீட்டுக்காரர் தலைமுழுகவில்லை. அவர் பார்சல் பிரிக்கும்போது நான் மொட்டை மாடிக்குப் போய்விடுவேன்.) நான் சொல்ல வந்தது எடை பார்த்த கதையை.

அந்த வாரமே 900 ரூபாய்க்கு ஒரு கண்ணாடி எடை மெஷின் வாங்கி வந்தோம். சின்ன வயதில் ரயில்வே ஸ்டேஷன் எடை மெஷினில் காசு போட்டு, கலர் பல்பு சுற்றி முடித்ததும் விழும் அட்டையில் எடையும், பின்னாலேயே ஜோசியமும் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு சந்தோஷம் என்று! இப்போது பெரும்பாலான ஸ்டேஷன்களில் அது இல்லை. ஆனால் என் வீட்டு மெஷினும் தினமும் எனக்கு ஜோசியம்தான் சொன்னது. காலையில் 71.4 காட்டினால் அன்றைக்கு வீடே கலகலப்பு. 72.3 காட்டினால் இட்லிச் சட்டி முதல் பையனின் முதுகு வரை எல்லாவற்றுக்கும் அடி விழும்.

குளியலறை வாசலில்தான் அதை வைத்திருந்தேன். குளிப்பதற்கு முன் ஒரு தடவை, குளித்தபின் ஒரு தடவை, ராத்திரி படுக்கும் முன் ஒரு தடவை ஏறுவேன். சாமி படத்துக்கு முன்னால்கூட நான் அத்தனை பயபக்தியாக நின்றதில்லை. சமையலறையில் பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரில், பால் கணக்குக்குக் கீழேயே அன்றன்றைய எடையைச் சிவப்புப் பேனாவால் எழுதி வைத்தேன். 71.8, 71.2, 72.0, 70.9, 72.1. ஏறுகிறது, இறங்குகிறது, ஏறுகிறது. என் மூளையும் கூடவே ஏறி இறங்கியது.

சில நாள் மெஷின் மேலேயே சந்தேகம் வரும். ஒருநாள் அதைச் சோதிக்கலாம் என்று புது அரிசிச் சிப்பத்தைத் தூக்கி வைத்தேன். 26.2 என்று காட்டியது. 25 கிலோ சிப்பத்துக்கு 26.2! அப்படியானால் மெஷின் ஒரு கிலோவுக்கு மேல் கூடுதலாகக் காட்டுகிறது, நான் நினைத்ததைவிட ஒரு கிலோ குறைவு! அத்தையிடம் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். சாயந்திரம் வீட்டுக்காரர் வந்து சிரித்த சிரிப்பு இருக்கிறதே... "25 கிலோ வரைக்கும் பாக்கெட் அரிசிக்கு 2022 ஜூலையிலேயே ஜி.எஸ்.டி. போட்டுட்டாங்க. அதுல இருந்து நிறைய மில்லுல 26 கிலோவாத்தான் சிப்பம் கட்டுறாங்க. மூட்டையைப் படிச்சுப் பாரு" என்றார். பார்த்தேன். 26 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. போன ஒரு கிலோ திரும்பி வந்து என் இடுப்பில் உட்கார்ந்து கொண்டது.

இது சிரிப்புக் கதை. அடுத்தது சிரிப்பு இல்லை.

பங்குனிப் பொங்கலுக்கு எங்கள் ஊர் பராசக்தி மாரியம்மன் கோயில் திருவிழாவில் ஊரே திரண்டிருக்கும். சொந்தக்காரர்கள் வந்து தங்கினார்கள். இரண்டு நாள் நானும் எல்லோருடனும் சேர்ந்து சாப்பிட்டேன். சாத்தூர் காராச்சேவு, அப்பளம், ஊறுகாய் என்று எல்லாம் உப்பு. மூன்றாம் நாள் காலையில் ஏறினால் 72.4. முந்தின வாரம் 70.6. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டரை மாதப் பாடு இரண்டே நாளில் போயிற்றே என்று அன்று பூராவும் மோரைத் தவிர எதுவும் சாப்பிடவில்லை. சாயந்திரம் என் மகள் தட்டில் காராச்சேவு வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தட்டைப் பிடுங்கி, "இப்பவே இப்படித் தின்னா என்னைய மாதிரிதான் ஆவே" என்று கத்திவிட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய்விட்டாள்.

மறுவாரம் பள்ளியில் இருந்து போன் வந்தது. காலை பிரேயரில் மயங்கி விழுந்துவிட்டாளாம். வெயில் என்று நினைத்து ஓடினேன். டீச்சர் தனியாகக் கூப்பிட்டு, "நாலஞ்சு நாளா மத்தியானச் சாப்பாட்டைப் பிள்ளைங்களுக்குக் குடுத்துடுறாம்மா. கேட்டா பசிக்கலைங்கிறா" என்றார். டிபன் பாக்ஸ் தினமும் காலியாக வருகிறதே என்று நான் சந்தோஷப்பட்டுக் கொண்டிருந்தேன்!

வீட்டுக்கு வந்து அவளைப் படுக்க வைத்துவிட்டு, பால்காரருக்குக் கணக்குப் பார்க்கக் காலண்டரைப் புரட்டினேன். என் சிவப்பு எழுத்துக்குக் கீழே, உற்றுப் பார்த்தால்தான் தெரியும்படி பென்சிலால் பொடிப் பொடியாக வேறொரு கணக்கு. 43.6, 43.1, 43.9, 42.8. அந்த 43.9-க்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தாள். 42.8-க்குப் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரம். ஐந்தடி உயரமுள்ள பதின்மூன்று வயதுப் பிள்ளை தோழிகளே! அவள் உடம்பில் குறைக்க என்ன இருக்கிறது?

நான் அவளை எடை பார் என்று ஒருநாளும் சொன்னதில்லை. நான் அந்தக் கண்ணாடி மேல் நின்று சிரித்ததையும் அழுததையும் அவள் தினமும் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான்.

அன்று ராத்திரி என்னவரிடம் சொல்லி அழுதேன். மெஷினைத் தூக்கித் தெருவில் போடுங்கள் என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தூக்கிப் போட்டா பிள்ளை மனசுல அந்த நம்பர் அப்படியே நின்னுரும். ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் மண்டிக்கு வாங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டியில் ஆள் இல்லை. என்னவர் மூன்று இருபது கிலோ படிக்கல்லை உருட்டி எடுத்து வந்தார். இரும்புக்கல்லின் அடியில் குழி இருக்கும், அதில் ஈயம் ஊற்றி அதன்மேல் அரசாங்க முத்திரை குத்தியிருப்பார்கள். கடைக்காரர்கள் தராசையும் கல்லையும் கெடு தவறாமல் எடையளவு அதிகாரிகளிடம் காட்டி முத்திரை வாங்க வேண்டுமாம். எங்கள் மெஷினின் அட்டைப் பெட்டியிலோ 'வியாபாரத்துக்கு அல்ல' என்று போட்டிருந்தது. அந்த வரியை நான் படித்ததே இல்லை. அதை நம்பிப் பருப்பு விற்கக் கூடாதாம். நான் அதை நம்பிப் பட்டினி கிடந்தேன்.

மண்டியில் தராசு வைக்கும் மட்டமான இடத்தில் எங்கள் மெஷினை வைத்து, கண்ணாடி கீறாமல் பேப்பர் விரித்து, மூன்று கல்லையும் அடுக்கினார். 60.9. அதையே வாசல் பக்கம், தண்ணீர் ஓட வாட்டம் விட்டிருக்கும் தரையில் வைத்தார். 59.3. பழைய சாக்கு இரண்டை மடித்து அதன்மேல் வைத்தார். 61.7. திரும்ப மட்டமான இடத்துக்கு வந்தால் 60.9.

"ஏம்பா, இந்தக் கல்லு நேத்து காராச்சேவு தின்னுச்சா?" என்று மகளைக் கேட்டார். அவள் முதலில் சிரிக்கவில்லை. குனிந்து கல்லின் அடியில் இருந்த முத்திரையைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம், "அப்ப நம்ம வீட்ல குளிக்கிற ரூம் வாசல்லயும் வாட்டம்தானப்பா இருக்கு?" என்றாள். அவ்வளவுதான், எனக்கு வெட்கமாகிவிட்டது. எட்டாவது படிப்பவளுக்குத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லையே! இந்த மாதிரி மெஷினுக்கு நாலு காலிலும் எடையை உணரும் கருவி இருக்கிறது. நாலும் கெட்டியான, சமமான தரையில் பதிந்தால்தான் ஒழுங்காகக் கூட்டிச் சொல்லும்.

"மட்டமான இடத்துல எப்ப வச்சாலும் 60.9 காட்டுது பாரு. தினமும் ஒரே பொய்யைச் சொன்னா கணக்குல கழிச்சுக்கலாம். நேரத்துக்கு ஒரு பொய் சொன்னாத்தான் ஆபத்து" என்றார் என்னவர். மண்டிக் கணக்குப்பிள்ளை அல்லவா!

மகளுக்கு அன்றைக்கு ஒரு வேகம் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் அவளே ஒவ்வொன்றாகச் சோதிக்க ஆரம்பித்தாள். அதில் கண்டுபிடித்த ஒரு விஷயம் என்னை அதிர வைத்தது. நான் ஏறி இறங்கி, மறுபடி ஏறினால் மாறாமல் அதே எடை காட்டும். அதனால்தான் மெஷின் துல்லியமானது என்று நம்பியிருந்தேன். அவள் அரை லிட்டர் பால் பாக்கெட்டை என் கையில் கொடுத்து ஏறச் சொன்னாள். அப்போதும் அதே எடை! பாக்கெட்டை வைத்துவிட்டு ஏறினாலும் அதே எடை! பழுது பார்க்கும் கடையில் கேட்டபோது, "சில மெஷின் கடைசி எடையை ஞாபகம் வச்சுக்கும்க்கா. கிட்டத்தட்ட அதே எடை ஏறுனா பழசையே காட்டிரும். அப்பத்தான் வாங்குனவங்க சண்டைக்கு வர மாட்டாங்க" என்றார் அந்தத் தம்பி. இதற்கு வழி, இடையில் முற்றிலும் வேறான ஓர் எடையை வைப்பதுதான். நாங்கள் அரிசி வாளியை ஒரு தடவை வைத்து எடுத்துவிட்டுத்தான் ஏறுகிறோம். பேட்டரி தீரும் சமயத்திலும் கண்டபடி காட்டும்.

மகளை அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். ரத்தம் 9.8-தான் இருந்தது. பன்னிரண்டாவது இருக்க வேண்டுமாம். இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். அதே பெண் டாக்டர்தான். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் என் மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கொண்டு சொன்னது இது:

"ஒரு கிலோ கொழுப்பு ஏறணும்னா வழக்கத்துக்கு மேல சுமார் 7,700 கலோரி சாப்பிடணும். ஒரு இட்லி 50 கலோரின்னு வச்சுக்கோங்க, 150 இட்லிக்கு மேல வருது. ரெண்டு நாள்ல ஒன்றரை, ரெண்டு கிலோ ஏறுச்சுன்னா அது கொழுப்பு இல்லம்மா, தண்ணி. உப்பு கூடுனா உடம்பு தண்ணியைப் பிடிச்சு வைக்கும். மாதவிலக்குக்கு முந்தியும் வைக்கும். வயிறு சுத்தமா போகலேன்னாலும் ஏறும். ஒரு லிட்டர் தண்ணி குடிச்சுட்டு ஏறுனா ஒரு கிலோ கூடத்தான் காட்டும்."

நான் காலண்டரைக் கையோடு கொண்டு போயிருந்தேன். அவர் சொல்லச் சொல்லப் பார்க்கிறேன், பிப்ரவரியிலும் மார்ச்சிலும் பெரிதாக ஏறிய நாட்கள் எல்லாம் தூரத்துக்கு முந்தின நாலைந்து நாட்கள்தான்! காலண்டரில் தேதி குறித்து வைத்திருந்தும் இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. டயட் ஆரம்பித்த முதல் வாரத்தில் மளமளவென்று இறங்கியதில் பெரும்பகுதியும் தண்ணீர்தானாம். அப்போது நான் தெருவெல்லாம் பெருமையடித்தேன்.

இன்னொன்றும் சொன்னார். சென்னையில் டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழுவினர், என்னைப் போல வாசப்படியில் நிற்பவர்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தி 2006-ல் வெளியிட்டார்களாம். விசேஷ ஆலோசனை இல்லாமல் இருந்தவர்களில் மூன்று வருடத்தில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. சாப்பாட்டைத் திருத்தி, நடந்தவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. இத்தனைக்கும் அவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவே இல்லை! எடை குறைந்தால் நல்லதுதான், ஆனால் முள் அசையவில்லை என்பதற்காக நடையை விட்டுவிடாதீர்கள் என்றார். முதல் தடவையே இதைச் சொல்லியிருக்கக் கூடாதா என்று மனசுக்குள் நினைத்தேன். வெளியே வரிசையில் அறுபது பேர் நிற்கும்போது அவர்தான் எவ்வளவு சொல்வார்?

இப்போது எங்கள் வீட்டில் மெஷின் கூடத்து டைல்ஸ் தரையில், சுவரோரம், சாக்பீஸால் குறி போட்ட ஒரே இடத்தில் இருக்கிறது. சனிக்கிழமை காலை மட்டும், பாத்ரூம் போய்விட்டு வந்து, எதுவும் குடிக்கும் முன், நைட்டியோடு ஏறுவேன். வாரத்துக்கு ஒரு எண். அதையும் போன வாரத்தோடு ஒப்பிட மாட்டேன், போன மாதம் இதே சமயத்து எண்ணோடுதான் ஒப்பிடுவேன். இடுப்பை டெய்லர் இஞ்சு டேப்பால் தொப்புள் மட்டத்தில், மூச்சை இழுத்துப் பிடிக்காமல் அளப்பேன். (மூச்சைப் பிடித்து அளந்து யாரை ஏமாற்ற?) நம் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தொன்றரை அங்குலத்துக்குள் இருக்க வேண்டுமாம். நான் 38-ல் ஆரம்பித்தேன். எடை அசையாத இரண்டு மாதங்களில் டேப் மட்டும் ஒரு அங்குலம் உள்ளே வந்தது. ஜாக்கெட்டுகளை என் டெய்லர் அக்கா இரண்டு தடவை பிடித்துத் தைத்துவிட்டார்.

2024 டிசம்பரில் 67.8 கிலோ. இடுப்பு முப்பத்தைந்தரை. மூன்று மாதச் சர்க்கரை 5.8. வாசப்படியை விட்டு இன்னும் முழுசாக இறங்கவில்லை, ஆனால் தெருப்பக்கம் திரும்பிவிட்டேன். அத்தைக்கு மட்டும் வருத்தம், "கன்னமெல்லாம் ஒட்டிப் போச்சு தாயி" என்று.

காலண்டரில் எடை எழுதுவதை அன்றோடு நிறுத்திவிட்டேன். என் எண் என் டைரியில் இருக்கிறது. மகள் மெஷினில் ஏறுவதில்லை. மத்தியானம் நான் சோறு போட்டுக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன், விடுமுறை நாட்களில். "நீ என்னம்மா ஒரு கரண்டியோட எந்திரிக்கிற?" என்று முதலில் கேட்டாள். "எனக்கு சர்க்கரை வாசல்ல நிக்குது, உனக்கு ரத்தம் பத்தலை. ரெண்டு பேரு தட்டும் எப்படி ஒண்ணா இருக்கும்?" என்றேன். காராச்சேவும் வாங்குகிறோம். அவள் தட்டில் அவளுக்கு, என் உள்ளங்கையில் எனக்கு. ஆனாலும் அவள் கடைசி வாய் சாப்பிடும் வரை என் கண் அந்தத் தட்டை விட்டு அகலுவதில்லை. அது எப்போது போகுமோ, தெரியவில்லை.

போன மாதம் பழைய பேப்பர் எடுப்பவர் வந்தார். கட்டைக் கொக்கித் தராசில் மாட்டி, "பதினொன்றரை கிலோம்மா" என்றார். மகள் உள்ளே போய் எங்கள் மெஷினைத் தூக்கி வந்து, கூடத்துத் தரையில் வைத்து, கட்டை அதன்மேல் ஏற்றினாள். 14 காட்டியது. "அது பாத்ரூம் மெஷினும்மா, அதைப் போயி நம்பலாமா?" என்றார் அவர்.

"நம்ப வேண்டாம்ண்ணே. எங்கப்பா மண்டியில முத்திரை போட்ட கல்லு இருக்கு. உங்க தராசையும் எங்க மெஷினையும் எடுத்துட்டுப் போயி ரெண்டையும் பார்த்துட்டு வந்துடலாமா?" என்றாள் என் மகள்.

பதினாலு கிலோவுக்கே காசு கொடுத்துவிட்டுப் போனார்.

- ஒரு வாசகி, விருதுநகர்.